இடது மரை பிறந்த கதை

“ஏறிடுச்சு. ஆனா நிக்காது நைனா.”

திருப்பதியில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை மேஸ்திரி, என் அண்ணன் மகனைப் பார்த்துச் சொன்னது இது. அவன் சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பின்சக்கரத்தைக் கொண்டுவந்திருந்தான். மேஸ்திரியின் மடியில் கிடந்த அந்தச் சக்கரத்தின் ஹப்பில் பளபளவென்று 16 பல் வைத்த ஒரு பல்சக்கரம் கடைசி மரை வரைக்கும் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஸ்பேனர்கூட வேண்டியிருக்கவில்லை. விரலால் சுற்றச் சுற்ற, எண்ணெய் போட்ட மாதிரி ஏறியது. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற ஒன்று ஏன் நிற்காது என்று பையனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

2024 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்து மேலக்கோட்டையூர் வேலோட்ரோமில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் டிராக் சைக்கிள் போட்டி நடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. பிரேக் கிடையாது, கியர் கிடையாது, பெடல் நின்றால் சக்கரமும் நிற்கும், சக்கரம் ஓடினால் பெடலும் ஓடும் என்கிற அந்த வண்டி அவனைப் பிடித்துக்கொண்டது. ‘பிக்ஸட்’ என்று சொல்லிக்கொண்டு, தாத்தாவின் பழைய வண்டியையே அப்படி மாற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டான். பல்சக்கரம் தைவானில் செய்தது, தபாலில் வந்தது. வண்டியின் சட்டம் பர்மிங்காமில் செய்தது. சித்தூர் சென்னை ராஜதானியில் இருந்த காலத்தில் தாத்தா மெட்ராஸ் போய் வாங்கிவந்த பி.எஸ்.ஏ. நெற்றியில் மூன்று துப்பாக்கி சாத்திவைத்த சின்னம் இன்னும் மங்கலாகத் தெரியும். ஹப் மட்டும் பழசு இல்லை. ஆக்சில் உடைந்து, கப் தேய்ந்து, இரண்டு முறை மாற்றியாயிற்று. இப்போது இருப்பது லூதியானா சரக்கு.

தைவான் பல்சக்கரம், லூதியானா ஹப். ஒன்றையொன்று ஜென்மத்தில் பார்த்திராத இரண்டு இரும்பு, திருப்பதியில் ஒரு கடை வாசலில் சந்தித்து உடனே ஏறிக்கொண்டன. மேஸ்திரி சொன்னதில் பாதி இது. இந்தப் பாதியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மரை என்பது நம் பக்கத்துச் சொல். தெலுங்கிலும் ‘மர’தான், திருகாணியை ‘மரமேக்கு’ என்பார்கள். சித்தூர், புத்தூர், நகரி வட்டாரத்துப் பட்டறைகளில் எந்த மொழிக்காரர் வந்தாலும் இந்த ஒரு சொல்லை வைத்து வேலை முடிந்துவிடும். மரை பிடிக்குது, மரை தேஞ்சிடுச்சு, மரை கழண்டுபோச்சு. கடைசியில் சொன்னதை மனுஷனுக்கும் சேர்த்தே சொல்வோம்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் தன் மரை என்று ஒன்று இருந்தது. ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு இன்னொரு பட்டறையின் நட்டு ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் இதற்கு ஓர் ஒழுங்கு சொன்னார்: மரையின் பள்ளம் 55 டிகிரி கோணத்தில் இருக்கட்டும், இந்தப் பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று இருக்கட்டும். ரயில்வேயும் கப்பலும் அதை எடுத்துக்கொண்டன. சைக்கிளுக்கு அந்த மரை ஒத்துவரவில்லை. சைக்கிள் மெல்லிய குழாயால் ஆனது. பெரிய பள்ளமாக மரை வெட்டினால் குழாய்ச் சுவரே போய்விடும். அதற்கு நெருக்கமான, ஆழம் குறைந்த மரை வேண்டும்.

இங்கேதான் தாத்தா வண்டியின் நெற்றியில் இருக்கும் துப்பாக்கி கதைக்குள் வருகிறது. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது பி.எஸ்.ஏ., 1861-இல் துப்பாக்கி செய்கிறவர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அதற்கு முன்னால் அந்த ஊரில் துப்பாக்கி கைவேலை. ஒரு துப்பாக்கியின் பாகத்தை இன்னொன்றில் போட வேண்டுமென்றால் அரம் பிடித்து ராவ வேண்டும். இவர்கள் இயந்திரம் வைத்து, எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் உட்காரும்படி செய்யப் புறப்பட்டார்கள். போர் இல்லாத வருஷங்களில் ஆர்டர் இல்லை. இயந்திரங்கள் சும்மா நிற்கக் கூடாதென்று சைக்கிளுக்கு வந்தார்கள். 1893-இல் தனியாக ஹப் செய்து மற்ற கம்பெனிகளுக்கு விற்கத் தொடங்கினார்கள். துப்பாக்கிக்குப் பழகிய துல்லியம் அப்படியே சைக்கிள் ஹப்புக்குள் இறங்கியது. பி.எஸ்.ஏ. பாகம் வாங்கிச் சின்னப் பட்டறைக்காரர்கூட ஒரு வண்டி கட்டிவிடலாம் என்ற நிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சைக்கிள் என்ஜினியர்கள் சேர்ந்து சைக்கிளுக்கென்றே மரை அளவுகளை எழுதிவைத்தார்கள். பள்ளம் 60 டிகிரி. சின்ன ஆணிகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை. பின் ஹப்பில் பல்சக்கரம் ஏறும் இடத்துக்கு 1.37 அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 24 மரை.

1.37, 24. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வையுங்கள். மில்லிமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 34.8. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக உள்ளே போகும்.

கப்பலில் மெட்ராஸுக்கு வந்த ஒவ்வொரு பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் வண்டியும் இந்த எண்களைச் சுமந்து வந்தது. 1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஆலை வைத்து ஹெர்குலிஸ் வண்டி செய்தபோதும் அந்த எண்கள் மாறவில்லை. லூதியானாவின் ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகளும் அதையேதான் வெட்டின, வெட்டுகின்றன. 1956-இல் நாடு மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டது. படி போய் லிட்டர் வந்தது, சேர் போய் கிலோ வந்தது. சைக்கிள் ஹப்பின் அங்குலம் மட்டும் அசையவில்லை. நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த அத்தனை சக்கரங்களையும் ஒரே நாளில் மாற்ற யாரால் முடியும்? சித்தூரில் தேய்ந்த பிரீவீலைக் கழற்றி, எந்தக் கம்பெனி பிரீவீலை வேண்டுமானாலும் வாங்கி மாட்டுகிறோமே, அந்தச் சௌகரியம் நூறு வருஷத்துக்கு மேலாக யாரும் மீறாத ஒரு வாக்கு. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மரியாதை வருகிறது.

பல்சக்கரம் ஏறிய கதை இது. நிற்காது என்றாரே, அது வேறு கதை. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான்.

இன்றைக்கு நமக்கு பிரீவீல் இல்லாத சைக்கிளை நினைத்துப் பார்க்கவே கஷ்டம். ஆனால் பிரீவீல் பின்னால் வந்தது. 1885-இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டும் ஏறக்குறைய சம அளவுச் சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைய சைக்கிளின் உருவம் அதில் வந்துவிட்டது. ஆனால் பின்சக்கரத்தில் இருந்தது வெறும் பல்சக்கரம்; சக்கரத்தோடு ஒட்டிய பல்சக்கரம். இறக்கத்தில் வண்டி வேகமெடுத்தால் பெடலும் பேய் பிடித்த மாதிரி சுற்றும். அந்தக் காலத்து வண்டிகளில் முன் போர்க்கில் இரண்டு பக்கமும் சின்னதாகக் கால் தாங்கி வைத்திருந்தார்கள். இறக்கம் வந்ததும் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டு, பெடல் தானாகச் சுழல விட்டுவிட்டு இறங்குவார்கள். குரங்கு பெடல் அடித்துச் சைக்கிள் கற்றவர்களுக்கு அந்தப் பயம் உடனே விளங்கும்.

நிறுத்த வேண்டுமென்றால்? கரண்டி மாதிரி ஒரு பிரேக் டயரை மேலிருந்து அழுத்தும். அதை முழுசாக நம்ப முடியாது. உண்மையான பிரேக் கால்தான். பெடலைப் பின்னுக்கு அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இப்போது மரையை நினைத்துப் பாருங்கள். வண்டியின் வலது பக்கம் நின்று பார்த்தால், முன்னால் போகும்போது செயின் பல்சக்கரத்தைக் கடிகார முள் சுற்றும் பக்கமாக இழுக்கிறது. மரையும் அந்தப் பக்கமாகத்தான் இறுகும். ஆகவே மிதிக்க மிதிக்கப் பல்சக்கரம் தன்னைத் தானே இறுக்கிக்கொள்கிறது. ஆணி வேண்டாம், சாவி வேண்டாம், வெல்டிங் வேண்டாம். எவ்வளவு இறுக்கம் தெரியுமா? 60 கிலோ ஆள் ஒருவர் 17 சென்டிமீட்டர் கிராங்கின்மேல் எழுந்து நின்றால் கிராங்கில் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு பல்சக்கரத்தின் மரைக்கு வந்துசேர்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் இது நடக்கிறது. ஒரு மாதம் ஓட்டிய பிரீவீலைக் கழற்ற, மேஸ்திரி கழற்றியை வைஸில் கடிக்கவிட்டு, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி பிடித்து, முழு உடம்பையும் போட்டுத் திருப்புவது இதனால்தான்.

பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது இதே கணக்கு அப்படியே திரும்புகிறது. மரையை இறுக்கிய அதே முறுக்கு இப்போது அதைக் கழற்றப் பார்க்கிறது. இறுக்கம் தோற்ற நொடியில் பல்சக்கரம் வெளியே சுழன்றுவிடும். பெடல் வெறுமனே பின்னால் போகும். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி கண்டவர் இன்னார் என்று ஒரு பேரைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டறையில் பிறந்த யோசனை அது. ஹப்பில் பல்சக்கரம் ஏறும் மரைக்கு வெளியே, அதைவிடக் கொஞ்சம் சிறுத்த இன்னொரு படி. குறுக்களவு 1.29 அங்குலம். அதிலும் அங்குலத்துக்கு 24 மரை. ஆனால் எதிர்ப்பக்கம் சுற்றும் மரை, இடது மரை. அதன்மேல் ஒரு மெல்லிய வளையம் ஏற்றிப் பல்சக்கரத்தின் முகத்தோடு ஒட்ட இறுக்கிவிடுவார்கள். லாக் ரிங்.

ஏன் இடது மரை? சாதாரண மரையே போட்டிருந்தால், கழலப் பார்க்கும் பல்சக்கரம் தன்னோடு ஒட்டிய வளையத்தையும் அதே பக்கம் சுழற்றி, இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். இடது மரையில் அந்தச் சுழற்சி வளையத்தை இறுக்குகிறது. பல்சக்கரம் வெளியே வர எவ்வளவு முயல்கிறதோ அவ்வளவு அழுத்தமாக வளையம் உள்ளே வருகிறது. கழலப் பார்க்கும் விசையையே காவலுக்கு வைத்த இந்த வேலையை நான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்துப் புரிந்துகொண்ட அன்று, கடை வாசல் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே மனம் வரவில்லை. மோட்டார் இல்லை, ஸ்பிரிங் இல்லை. இரண்டு சுற்று, ஒன்றுக்கொன்று எதிர்.

நம் சைக்கிளில் இடது மரை வேறு எங்கும் இல்லாமல் இல்லை. இடது பெடல் இடது மரைதான்; கிராங்க் அச்சு சுழலும் பிபியின் (பாட்டம் பிராக்கெட்) வலது கப்பும் அப்படியே. மெக்கானிக் வேலைக்கு வரும் பையன்கள் முதல் வாரத்தில் இடது பெடலைத் தப்பான பக்கம் திருப்பி மரையைக் கெடுத்து வாங்கும் திட்டு எல்லாக் கடைகளிலும் கேட்கும்.

பிறகு பிரீவீல் வந்தது. 1869-லேயே அமெரிக்காவில் வில்லியம் வான் ஆன்டன் என்பவர் அந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது பரவியது நூற்றாண்டின் கடைசியில்தான். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் 1903-இல் ‘டார்பிடோ’ ஹப்பைக் கொண்டுவந்தார்; பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்கும், மிதிக்காவிட்டால் சும்மா உருளும். இங்கிலாந்தில் வேறு வழி. பழைய ஹப்பிலிருந்து பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஏறும்படி பிரீவீலைச் செய்தார்கள். புது ஹப் வாங்க வேண்டாம். புதிதாக வந்தவன் பழையவன் கட்டிய வீட்டிலேயே குடியேறிவிட்டான். நம் ஊர் பிரீவீலின் 1.37, 24 உண்மையில் பல்சக்கரத்தின் அளவு. பிரீவீலுக்கென்று யாரும் தனியாக அளவு யோசிக்கவில்லை.

பிரீவீலுக்கு உள்ளே கொக்கியும் பல்லும் இருக்கின்றன. பின்னுக்கு மிதித்தால் ‘டிக் டிக்’ என்று நழுவும். ஹப்பைக் கழற்றும் விசை அதனிடம் பிறப்பதே இல்லை. ஆகவே லாக் ரிங்குக்கு வேலை போயிற்று. வேலை போன பின் அந்தச் சிறுத்த படியை வெட்டக் கூலி எதற்கு? சாலை வண்டிகளின் ஹப்பில் அது மறைந்தது. அம்பத்தூருக்கும் லூதியானாவுக்கும் அந்த ஹப் வந்துசேர்ந்தபோது இடது மரை அதில் இல்லை. தாத்தா சக்கரத்தில் பல்சக்கரம் ஏறியும் நிற்காததற்குக் காரணம் இது ஒன்றே. நமக்கு வந்தது பாதி ஹப்.

முழு ஹப் எங்கே தங்கியது? வட்டப் பாதையில். வேலோட்ரோமில் பிரேக் கூடாது. முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். ஒட்டிய பல்சக்கரம், கால் வேகத்தாலேயே கட்டுப்பாடு, இது அங்கே விதி. டிராக் ஹப் அந்தப் பழைய இரண்டு படியையும் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த உலகத்துக்குள் போனவுடன் வேறு சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. பையன் அதைத் தன் காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு நாடும் தன் அளவை வைத்துக்கொண்டது. இத்தாலிக்காரர்கள் 35 மில்லிமீட்டர் குறுக்களவு என்றார்கள், ஆனால் அங்குலத்துக்கு 24 மரையை விடவில்லை. மரைக் கோணம் அவர்களுக்கு விட்வொர்த்தின் 55. பிரெஞ்சுக்காரர்கள் 34.7 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு மில்லிமீட்டர் என்றார்கள். பிரிட்டிஷ் அளவு 34.8. மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விரலுக்குத் தெரியும். பிரெஞ்சு ஹப்பில் நம் பல்சக்கரம் ஒன்றிரண்டு சுற்று போகும், அப்புறம் கடித்துக்கொள்ளும். அதற்குமேல் பலம் போட்டால் மரை போய்விடும். இத்தாலிய ஹப்பில் பிரிட்டிஷ் பல்சக்கரம் இறுக்கமாக ஏறிவிடும். பிரிட்டிஷ் ஹப்பில் இத்தாலியப் பல்சக்கரம் கொஞ்சம் தளர்வாக ஏறும். ஏறுகிறதே என்று மாற்றி மாற்றிப் போட்டால் அலுமினிய ஹப்பின் மரை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். ஒருநாள் மொத்தமாக உரிந்து வரும். இரும்புப் பல்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது, போவது ஹப்.

லாக் ரிங்கில் வித்தியாசம் இன்னும் அதிகம். பிரிட்டிஷ் அளவு 1.29 அங்குலம் என்றேன். இத்தாலியின் காம்பனோலோ கம்பெனி டிராக் ஹப்பில் 1.32. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர். 1.32 வளையம் 1.29 படியின்மேல் மரை சரியாகப் பிடிக்காமல் வளையல் மாதிரி நழுவிப்போகும். அழகான பெட்டியில் வந்த இத்தாலிய வளையம் ஒன்றைப் பையன் இப்படித்தான் வாங்கிவிட்டான். பல்சக்கரம் பொருந்தினால் வளையமும் பொருந்தும் என்று நினைத்தது தப்பு. இரண்டு படி, இரண்டு அளவு. தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

காம்பனோலோ என்ற பேர் வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கியர் மாற்றும் சாதனம் பரவுவதற்கு முந்திய நாளில் பந்தயக்காரர்களின் பின் ஹப்பில் இரண்டு பக்கமும் மரை இருந்தது. ஒரு பக்கம் சமவெளிக்கு, இன்னொரு பக்கம் மலை ஏற. மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறுவார்கள். 1927 நவம்பரில் இத்தாலியின் குரோச்சே தவுனே கணவாயில் பனி கொட்டும்போது, விறைத்த விரலால் சக்கரத்தின் இறக்கை நட்டைத் திருப்ப முடியாமல் துல்லியோ காம்பனோலோ தவித்ததாகவும், ஒரே இழுப்பில் கழலும் ஆக்சில் அந்தத் தவிப்பில் தோன்றியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். அவர் 1933-இல் விச்சென்சாவில் கம்பெனி தொடங்கினார். திருமலை மலைப்பாதை 1944-இல் வண்டிகளுக்குத் திறந்தது. அதற்கு முன்னால் அலிபிரியிலிருந்து படிதான், 3,550 படி. அலிபிரியில் நின்று மேலே பார்க்கிற யாருக்கும் ஒரு மலைக்காகச் சக்கரத்தைத் திருப்பிப் போடும் அந்த அவசரம் புரியும்.

அளவுக் குழப்பத்தை அடியோடு தீர்த்துக் காட்டியது ஜப்பான். 1948 நவம்பரில் கொகுராவில் ‘கெய்ரின்’ ஓட்டம் தொடங்கியது. பந்தயம் கட்டிப் பார்க்கும் விளையாட்டு அது. வண்டியில் யாருக்கும் சாதகமோ சந்தேகமோ இருக்கக் கூடாது. ஆகவே ஹப், பல்சக்கரம், வளையம், செயின் எல்லாமே அங்கீகார முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு ஒன்று. அந்த கெய்ரின் ஓட்டத்தில்தான் அந்தமான் பையன் எசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். டிராக் சைக்கிளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பதக்கம். அடுத்த வருஷம் ஜெர்மனியில் டீம் ஸ்பிரின்ட்டில் தங்கம். பாதி ஹப்பில் மிதித்துப் பழகிய நாட்டுக்கு முழு ஹப்பில் வந்த பதக்கங்கள் அவை. மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் இருக்கிறது. மரையின் அளவை நூறு வருஷமாக மாறாமல் காப்பாற்றிய லூதியானாவுக்கும் அம்பத்தூருக்கும் அந்த இரண்டாவது படியை வெட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நம் ஊர்ப் பையன்கள் கையில் சாதாரண விலைக்கு ஒரு டிராக் ஹப் கிடைக்க வேண்டும்.

கதை கடை வாசலில் நிற்கிறது. மேஸ்திரி நிற்காது என்று சொன்ன பிறகும் பையன் விடவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு வழியோடு வந்தான். பி.எஸ்.ஏ. வழி வந்த வண்டிகளில் பிபி கப்பின் மரையும் 1.37, 24தான். (பழைய ராலே மட்டும் 26 மரை வைத்துக்கொண்டு தனியாக நின்றது.) ஆகவே பிபியின் இடது பக்கத்து வளையத்தைக் கழற்றி, ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே மிச்சமிருக்கும் மரையில் ஏற்றி இறுக்கிவிடலாம். ஏறும். ஆனால் அது வலது மரை. பல்சக்கரம் கழன்றால் அதுவும் சேர்ந்து கழலும். அமெரிக்காவில் இப்படிச் செய்த ஹப்புக்கு ‘சூசைட் ஹப்’ என்றே பேர். மரையில் பசை போட்டால் கொஞ்ச நாள் தாங்கும். இன்னொரு வழி நம் பட்டறைகளில் கேட்பது: பிரீவீலுக்கே வெல்டிங் வைத்துவிடுவது. அது உள்ளே இருக்கும் கொக்கியைத்தான் கட்டும். பிரீவீல் மொத்தமும் ஹப்பிலிருந்து கழல்வதைத் தடுக்காது. சர்க்கஸ், தெரு சைக்கிள் வித்தைக்காரர்கள் பின்னோக்கி ஓட்டுகிற வண்டிக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் அவர்கள் ஒரு வட்டத்துக்குள் மெதுவாகச் சுற்றுகிறவர்கள்.

மேஸ்திரி மறுத்துவிட்டார். பையன் வீட்டில் தானே பூட்டினான். முன் பிரேக்கைக் கழற்றாதே என்று நான் சத்தம் போட்டதை மட்டும் கேட்டுக்கொண்டான்.

ஒரு விடியற்காலையில் அலிபிரியிலிருந்து கபிலதீர்த்தம் பக்கம் இறங்கும் சாலையில் அது நடந்தது. வேகம் குறைக்கப் பின்னுக்கு அழுத்தியிருக்கிறான். முதல் இரண்டு முறை பிடித்தது. மூன்றாவது முறை ‘டக்’கென்று ஒரு சத்தம். பெடல் பின்னால் ஓடியது, செயின் தளர்ந்து தொங்கியது, சக்கரம் போய்க்கொண்டே இருந்தது. முன் பிரேக் காப்பாற்றியது. முழங்காலில் சிராய்ப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக மேஸ்திரியிடம்தான் வந்தான். அவர் திட்டவில்லை. சக்கரத்தை வாங்கிப் பல்சக்கரத்தை விரலால் சுற்றினார். சுலபமாகக் கழன்று கையில் வந்தது. “பார்த்தியா, எந்தப் பக்கம் சுத்துச்சுன்னு?” என்று மட்டும் கேட்டார்.

மரையே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. டிஸ்க் பிரேக் வண்டிகளின் ஹப்பில் தட்டைப் பூட்ட 44 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட் துளை வைத்திருப்பார்கள். அந்தத் துளைகளில் பூட்டும் பல்சக்கரம் கிடைக்கிறது. சக்கரத்தைத் திருப்பிப் போட்டு டிஸ்க் பக்கம் செயினை ஓட விட வேண்டும். முன்னுக்கு இழுத்தாலும் பின்னுக்கு இழுத்தாலும் ஆறு போல்ட்டும் தாங்கும். நல்ல வழிதான். செயின் நேர்கோட்டில் வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்; செயின் வீலும் பல்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் செயின் விழும், ஒட்டிய சக்கரத்தில் செயின் விழுந்தால் சக்கரமே இறுகி நின்றுவிடும். பையனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு இடது மரைதான் வேண்டுமாம். அதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

பணம் சேர்த்து ஒரு டிராக் ஹப் வரவழைத்தான். மேஸ்திரி அதைத் தாத்தாவின் ரிம்மில் போக்ஸ் கம்பி பின்னிக் கொடுத்தார். பின்னுவதற்கு முன் வெர்னியரை வைத்து இரண்டு படியையும் அளந்தார். பல்சக்கரத்தின் படி 34.8. வளையத்தின் படி 32.7. இத்தாலிய வளையத்தை ஒதுக்கி, 1.29 வளையத்தை எடுத்து, இடது பக்கமாகத் திருப்பி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றி வைத்துவிட்டார்.

“ஏன் மாமா, பூட்டலையா?”

“இப்பப் பூட்டினா நீ மிதிக்கிறப்ப பல்சக்கரம் இன்னும் உள்ள போயிடும். ரிங் லூசாயிடும். முன் பிரேக் இருக்கில்ல? ரிங் இல்லாம அலிபிரி வரைக்கும் மேட்டுல எழுந்து மிதிச்சிட்டுப் போ. பின்னுக்கு மட்டும் அழுத்தாத. திரும்பறப்ப மிதிக்காத, தள்ளிக்கிட்டே வா. வந்தப்புறம் ரிங் போடறேன்.”

பையன் கிளம்பினான். கடையிலிருந்து பார்த்தால் மலை தெரியும். அவன் எழுந்து நின்று மிதிப்பது கொஞ்ச தூரம் வரை தெரிந்தது. மேஸ்திரி வளையத்தைத் துணியால் துடைத்து, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு அடுத்த பஞ்சரைப் பார்க்க உட்கார்ந்தார்.